ஜானி ஹார்ட்மன்: அந்த 31 நிமிடத்துக்கு வெளியே என்ன இருக்கிறது?

மந்திரபஞ்சமம் (கேள்வி)

சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனுடன் 1963-இல் செய்த ஒரே ஆல்பத்தை, அந்த 31 நிமிடத்தை, வைத்துத்தான் அமெரிக்கப் பாடகர் ஜானி ஹார்ட்மனை எல்லோரும் பேசுகிறார்கள். மூன்று சந்தேகம்.

முதலாவது, அதற்கு முன்னும் பின்னும் அவர் என்ன செய்தார்? பாடகர்கள் பில்லி எக்ஸ்டைன், ஜோ வில்லியம்ஸ் அளவுக்குப் பெயர் வராமல் போனது ஏன்?

இரண்டாவது, அவர் ஸ்கேட் (சொல் இல்லாமல் வெறும் அசைகளால் மெட்டை விரிப்பது) பாடுவதில்லை. மெட்டையும் அதிகம் கலைப்பதில்லை. அப்புறம் எந்தக் கணக்கில் ஜாஸ் பாடகர்?

மூன்றாவது, பாரிடோன் (ஆண்களின் நடுத்தரக் கனக்குரல்) உள்ளவர் இந்த மாதிரி பாலட் (மெதுவான காதல் பாட்டு) பாட வேண்டுமானால் சுருதி, காலப்பிரமாணம், மைக் எல்லாம் எப்படி வைத்துக்கொள்வது? கர்நாடக சங்கீதக் கணக்கில் சொன்னாலும் சரி.

---

வட்டத்தட்டு

முதல் கேள்விக்கு மட்டும் நான்.

பிறந்தது 1923, லூசியானாவின் ஹூமா. வளர்ந்தது சிகாகோ. பழைய ஆல்பக் குறிப்புகள் பலவற்றில் சிகாகோவில் பிறந்ததாகவே இருக்கும், அதை நம்ப வேண்டாம். படித்தது டுசேபிள் உயர்நிலைப் பள்ளி. கேப்டன் வால்டர் டயட் அங்கே இசை ஆசிரியர். சிகாகோ ஜாஸில் பாதிப் பேர் அவர் கையால் அடி வாங்கித் தேறியவர்கள். பிறகு சிகாகோ மியூசிக்கல் காலேஜில் குரல் பயிற்சி, போர்க்காலத்தில் ராணுவத்தின் கலைப்பிரிவு. அதாவது கிளப்பில் கேள்வி ஞானத்தால் வளர்ந்த குரல் இல்லை, முறையாகப் பழகிய குரல்.

1946-இல் ஒரு பாட்டுப் போட்டியில் ஜெயித்ததற்குப் பரிசு, பியானோ கலைஞர் ஏர்ல் ஹைன்ஸ் இசைக்குழுவில் ஒரு வாரம் பாடும் வாய்ப்பு. அந்த ஒரு வாரம் கிட்டத்தட்ட ஒரு வருஷமாக நீண்டது. குழு 1947-இல் கலைந்ததும் 1948-இல் டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியின் பெரிய பேண்டுக்குப் போனார். அடுத்துக் கொஞ்ச நாள் பியானோ கலைஞர் எரால் கார்னரோடு. முதல் முழு ஆல்பம் 1955-இல் பெத்லஹேம் நிறுவனத்துக்குப் பதிவானது. டிரம்பெட்டில் ஹோவர்ட் மெக்கீ, பியானோவில் ரால்ஃப் ஷேரன் என்று சின்னக் குழு. அடுத்த வருஷமே இன்னொன்று.

பெயர் ஏன் வரவில்லை என்பதற்கு எக்ஸ்டைனைப் பார்க்காமல் பதில் இல்லை. ஹைன்ஸ் குழுவில் 1939 முதல் 1943 வரை பாடியவர் அவர். 1947-இல் எம்.ஜி.எம். ரெக்கார்ட்ஸ் ஒப்பந்தம் போட்டது. கறுப்பினப் பாடகர் ஒருவர் ப்ளூஸ் பாடாமல், கோட்டு சூட்டோடு காதல் பாட்டு மட்டும் பாடி எல்லாருக்கும் நட்சத்திரமாக முடியும் என்று காட்டியவர். 1950-இல் லைஃப் இதழில் வெள்ளைக்கார ரசிகை ஒருத்தி அவர்மேல் சாய்ந்து சிரிக்கிற படம் வந்தது. வந்த எதிர்ப்பில் அவர் ஏறுமுகம் அங்கேயே நின்றது. ஹார்ட்மன் தனியாகக் களத்துக்கு வந்த நேரமும் அதுதான். ஒரே ஒரு நாற்காலி இருந்தது. உட்கார்ந்திருந்தவரையே அதிலிருந்து தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

ஜோ வில்லியம்ஸுக்கு வேறு வழி கிடைத்தது. கவுண்ட் பேஸி பேண்டு, 1955-இல் பெரிய ப்ளூஸ் ஹிட், அதற்குப் பிறகு எது பாடினாலும் கேட்க ஆள் உண்டு. ஹார்ட்மன் ப்ளூஸ் பக்கம் சாய்ந்தவர் இல்லை, ஹிட்டும் இல்லை. ஐம்பதுகளின் நடுவில் ராக் அண்ட் ரோல் வந்ததும் மெதுவான காதல் பாட்டுக்கு ரேடியோவில் இடம் சுருங்கிவிட்டது. பெத்லஹேம், ரூஸ்ட், இம்பல்ஸ், ஏ.பி.சி., பெர்செப்ஷன், பீ ஹைவ் என்று அவர் மாறிய நிறுவனங்களின் வரிசையைப் பார்த்தாலே தெரியும், எவரும் பத்து வருஷம் கூட வைத்து வளர்க்கவில்லை.

1963-க்குப் பிறகு: அதே வருஷம் அக்டோபரில், கோல்ட்ரேன் ஆல்பத்தை வெளியிட்ட இம்பல்ஸுக்கே இன்னொரு ஆல்பம். இல்லினாய் ஜாக்கே சாக்ஸபோன், ஹேங்க் ஜோன்ஸ் பியானோ, கென்னி பரல் கிதார், மில்ட் ஹின்டன் பாஸ், எல்வின் ஜோன்ஸ் டிரம்ஸ். என் கணக்கில் கோல்ட்ரேன் ஆல்பத்துக்கு அடுத்துக் கேட்க வேண்டியது இதுதான். அறுபதுகளின் பிற்பாதியில் ஏ.பி.சி.க்குச் செய்தவை சந்தையைப் பிடிக்கச் செய்த முயற்சிகள், அவசரமில்லை. 1972-இல் ஜப்பானில் டிரம்பெட் கலைஞர் தெருமாசா ஹினோவோடு பதிவு செய்தார். ஜப்பானிய ரசிகர்கள் கடைசிவரை அவரைக் கைவிடவில்லை.

1980-இல் பீ ஹைவ் என்ற சின்ன நிறுவனத்துக்குச் செய்த 'ஒன்ஸ் இன் எவ்ரி லைஃப்' கிராமி பரிந்துரை வரை போனது. பரிசு வரவில்லை. 1983 செப்டம்பரில் நியூயார்க்கில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார், வயது 60. 1995-இல் கிளின்ட் ஈஸ்ட்வுட் தன் 'தி பிரிட்ஜஸ் ஆஃப் மேடிசன் கவுண்டி' படத்தில் இந்த 1980 ஆல்பத்துப் பாட்டுகளைச் சேர்த்தார். ஹார்ட்மன் பெயரே கேட்டிராத லட்சக்கணக்கானவர்கள் காதுக்கு அவர் குரல் போய்ச் சேர்ந்தது அப்போதுதான், இறந்து பன்னிரண்டு வருஷம் கழித்து.

---

ஒன்றரைக்கட்டை

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஹார்ட்மனுக்கே அந்தச் சந்தேகம் இருந்தது என்பதுதான் வேடிக்கை. கோல்ட்ரேனோடு ஆல்பம் செய்யத் தயாரிப்பாளர் பாப் தீல் கூப்பிட்டபோது அவர் தயங்கியதற்குக் காரணம், தன்னை ஜாஸ் பாடகர் என்று அவர் நினைத்துக்கொள்ளாததுதான். நியூயார்க்கின் பேர்ட்லேண்ட் கிளப்பில் கோல்ட்ரேன் வாசிப்பதைப் போய்க் கேட்டார். கிளப் மூடிய பிறகு கோல்ட்ரேன், மெக்காய் டைனர் இருவரோடும் சில பாட்டுகளைப் பாடிப் பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தார்.

பதிவு 1963 மார்ச் 7, நியூஜெர்சியின் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் ரூடி வான் கெல்டரின் ஸ்டூடியோ. டைனர், ஜிம்மி கேரிசன், எல்வின் ஜோன்ஸ் என்று கோல்ட்ரேனின் வழக்கமான நால்வர் குழு. முந்தின நாள் மார்ச் 6-ஆம் தேதி இதே குழு அதே ஸ்டூடியோவில் வேறு ஒரு முழுப் பதிவை முடித்திருந்தது. காணாமல் போனதாக நினைத்த அந்த நாடா 2018-இல்தான் வெளிவந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதல் நாள் அனல், மறுநாள் தணல்.

இனி ஜாஸா இல்லையா. ஸ்கேட்டில் தேடினால் கிடைக்காது. அவர் அசைவு எல்லாம் காலத்தில்தான். சொல்லை அடிக்குச் சற்றுப் பின்னால் வைப்பார். நம் பேச்சில் அனாகத எடுப்பு (தாளம் தொடங்கிய பிறகு பாட்டு தொடங்குவது) மாதிரி என்று சொல்லலாம், ஆனால் ஒரு வித்தியாசம்: நம் கீர்த்தனையில் எடுப்பு ஒரு இடத்தில் நிலைத்திருக்கும். இங்கே ஒவ்வொரு வரிக்கும் இடம் மாறும், வரியின் முடிவு மட்டும் தாளத்தோடு வந்து சேர்ந்துவிடும். ஒரே வரி இரண்டாம் முறை வரும்போது அவர் எந்தச் சொல்லை எங்கே வைக்கிறார் என்று தாளம் போட்டுக்கொண்டு கேளுங்கள். அச்சிட்ட மெட்டில் இருப்பதுபோல் எங்கும் இருக்காது.

இன்னொன்று சாக்ஸபோனோடு அவருக்குள்ள உறவு. டெனர் சாக்ஸின் வழக்கமான வீச்சு சுமார் 104 ஹெர்ட்ஸிலிருந்து 660 வரை. பாரிடோன் குரலின் வீச்சு சுமார் 98-இலிருந்து 392 வரை. முழுக் குரலும் ஏறக்குறைய சாக்ஸின் வீட்டுக்குள்ளேயே குடியிருக்கிறது. சோப்ரானோ பாடகியோடு டெனர் வாசித்தால் தானாகவே மேல் கீழ் என்று பிரிந்துகொள்ளும். இங்கே அப்படி இல்லை. இரண்டும் ஒரே சமயத்தில் நீளமாக ஒலித்தால் ஒன்றை ஒன்று அமுக்கிவிடும். அதனால் பெரும்பாலும் நேரத்தைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள்: 'தே ஸே இட்ஸ் வொண்டர்ஃபுல்'லில் குரல் முதலில், சாக்ஸ் பிறகு. 'மை ஒன் அண்ட் ஒன்லி லவ்'வில் சாக்ஸ் முழு மெட்டையும் வாசித்து முடித்த பிறகுதான் குரல் நுழைகிறது. குரலுக்குப் பின்னால் சாக்ஸ் வரும் இடங்களில் மூச்சு இடைவெளிகளில் சின்னச் சின்னதாக நிரப்புகிறது. அந்த நிரப்பல்களில் சிலவற்றைக் கோல்ட்ரேன் பிறகு தனியாக வாசித்துச் சேர்த்தார்.

ஆல்பத்தின் ஆறு பாட்டையும் ஒரே டேக்கில் (ஒவ்வொன்றையும் ஒரே முறை பாடிப் பதிந்து) முடித்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

---

நாடாச்சுருள்

ஒன்றரைக்கட்டை, கடைசி வரியை மட்டும் திருத்த வேண்டும். அது ஹார்ட்மன் பிற்காலத்தில் சொன்ன கதை. அவர் கணக்குப்படி ஒரே ஒரு பாட்டை மட்டும் திரும்ப எடுத்தார்கள், அதுவும் எல்வின் ஜோன்ஸ் கையிலிருந்து டிரம் குச்சி விழுந்ததால். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கோல்ட்ரேன் குடும்பத்தாரிடம் இருந்த நாடாக்கள் 2005-இல் ஆய்வுக்கு வந்தபோது ஆறு பாட்டுக்கும் முழுமையான மாற்று டேக்குகள் இருந்தது தெரிந்தது.

'லஷ் லைஃப்' பற்றிய கதையும் அவர் சொன்னதுதான்: ஸ்டூடியோவுக்குக் காரில் போகும்போது ரேடியோவில் நாட் கிங் கோல் பாடியது வந்தது, இதையும் சேர்க்கலாம் என்று வழியிலேயே முடிவு செய்தாராம். இதை மறுக்க ஆதாரம் இல்லை. உண்மையானால் பயங்கரமான துணிச்சல். பில்லி ஸ்ட்ரேஹார்ன் பதின்வயதில் எழுதத் தொடங்கிய பாட்டு அது. முன்னுரைப் பகுதியே பல்லவிப் பகுதி அளவுக்கு நீளம், தாளம் விட்டுப் பாட வேண்டியது. ஸ்வரங்கள் அரை அரையாக நகரும் இடங்களில் சுருதி நழுவாமல் நிற்பது மகா கஷ்டம்.

---

கீழ்ஸ்தாயி

மூன்றாவது கேள்வி. கொஞ்சம் நீளும்.

சுருதி. ஆண் பாடகர் ஒரு கட்டையில் பாடுகிறார் என்றால் ஆதார ஸட்ஜம் மேற்கத்தியப் பெயரில் சி-3, சுமார் 131 ஹெர்ட்ஸ். மந்திர (கீழ் ஸ்தாயி) பஞ்சமம் ஜி-2, 98 ஹெர்ட்ஸ். தார (மேல் ஸ்தாயி) பஞ்சமம் ஜி-4, 392. மந்திர பஞ்சமம் முதல் தார பஞ்சமம் வரை இரண்டு ஸ்தாயி. மேற்கத்தியர் பாரிடோன் என்று சொல்வது கிட்டத்தட்ட இதே நிலம்தான். வித்தியாசம் எங்கே குடியிருக்கிறோம் என்பதில். நம் கச்சேரியில் உச்சம் தார ஸ்தாயியில் வரும். ஹார்ட்மன் பாணி பாலட்டில் முக்கால்வாசிப் பாட்டு மத்ய ஸ்தாயியின் கீழ்ப்பாதியிலும் மந்திரத்திலும் நடக்கும்.

பாட்டுக்குச் சுருதி தேர்வு செய்யும் முறை: மெட்டின் மிகத் தாழ்ந்த ஸ்வரத்தையும் மிக உயர்ந்ததையும் குறித்துக்கொள்ளுங்கள். தாழ்ந்தது ஏ-2-க்கு (ஒரு கட்டைக்கு மந்திர தைவதம்) கீழே போகக் கூடாது. உயர்ந்தது டி-4, அதிகம் போனால் ஈ-4. பத்து, பதினொரு ஸ்வர வீச்சுள்ள பாட்டு இந்தச் சட்டத்துக்குள் அடங்கிவிடும். அதற்கு மேல் வீச்சுள்ள பாட்டில் எந்தப் பக்கம் சட்டத்தை மீறுவது என்றால் கீழ்ப்பக்கம் மீறுங்கள். ஒரு தாழ்ந்த ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு நகரலாம். உச்ச ஸ்வரத்தில் நீளக் கார்வை (ஸ்வரத்தை இழுத்துப் பிடிப்பது) வந்தால் தப்ப வழியில்லை.

எல்லோரும் செய்யும் பிழை, கனமாகக் கேட்கட்டும் என்று இன்னும் இரண்டு அரைச்சுரம் இறக்குவது. வீட்டில் தனியாகப் பாடும்போது அற்புதமாக இருக்கும். மேடையில் டபுள் பாஸின் மேல்ஸ்தாயியும் பியானோவின் இடது கையும் அதே 100–160 ஹெர்ட்ஸில் இருக்கும், குரல் காணாமல் போகும். பியானோக்காரரிடம் இடது கைக் கொத்துகளைச் சி-3-க்கு மேலே வைக்கச் சொல்லுங்கள். பாதி மங்கல் அதிலேயே தெளியும்.

அச்சிட்ட மெட்டுத் தாள் ட்ரெபிள் கிளெஃபில் (உயர்ந்த ஸ்வரங்களுக்கான குறியீடு) இருந்தால் ஆண் குரல் அதை ஒரு ஸ்தாயி கீழே பாடும். பாடகிகள் வழக்கமாக நாலு, ஐந்து ஸ்வரம் இறக்கிக் கேட்பார்கள். பாரிடோனுக்குப் பெரும்பாலும் அச்சிட்ட சுருதியோ ஒன்றிரண்டு அரைச்சுரம் கீழேயோ போதும். டெனர் சாக்ஸ் உண்டென்றால் அவருக்குத் தாள் ஒரு முழுச்சுரம் மேலே எழுதித் தர வேண்டும். நீங்கள் ஈ-ஃபிளாட்டில் பாடினால் அவர் தாளில் எஃப்.

காலம். நிமிடத்துக்கு 60 அடி என்று வையுங்கள். நாலு அடி கொண்ட ஒரு பார் 4 விநாடி. 32 பார் பாட்டு ஒரு சுற்று 128 விநாடி. இரண்டு சுற்றுக்கே நாலேகால் நிமிடம். பழைய 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம் என்பதை நினைத்துப் பாருங்கள்: இந்தக் காலப்பிரமாணத்தில் பாடகர் ஒரு சுற்றுப் பாடினால் சாக்ஸுக்கு இடமே இல்லை. நீள் தட்டு (எல்.பி.) வந்த பிறகுதான் ஆறே பாட்டில் ஒரு ஆல்பம் நடந்தது.

மூச்சு: இரண்டு பார் என்றால் 8 விநாடி, யாருக்கும் முடியும். ஹார்ட்மன் அங்கங்கே நாலு பாரை இணைத்துவிடுவார், 16 விநாடி. தாழ்ந்த ஸ்தாயியில் குரல்நாண் தளர்ந்து காற்று அதிகம் கசியும், அதனால் மேல் ஸ்தாயியை விடச் சீக்கிரம் மூச்சு தீரும். வரித் தொடக்கத்தில் காற்றோசை கலந்து பாடுவதை நிறுத்தினாலே மூன்று நாலு விநாடி மிச்சம்.

பின்தள்ளிப் பாடுவது. ஒன்றரைக்கட்டை சொன்னதில் ஒரு ஆபத்து உண்டு. நமக்குக் கீழே தம்புராவின் ஸட்ஜ பஞ்சமம் நிலையாக நிற்கும், ஸ்வரத்தைத் தாமதித்தாலும் அர்த்தம் மாறாது. இங்கே கீழே கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கொத்து) மாறிக்கொண்டே இருக்கிறது. உதாரணம்: ஜி-7 கார்டில் எஃப் அழகான ஸ்வரம். அடுத்து சி மேஜர் வந்த பிறகும் எஃப்பைப் பிடித்துக்கொண்டிருந்தால் பியானோவின் ஈயோடு அரைச்சுர இடைவெளியில் உரசும். கேட்பவருக்குச் சுருதி பிசகியது போலவே இருக்கும். ஆகவே சொல்லைத் தாமதிக்கலாம், கார்டு மாறும் இடத்தில் ஸ்வரத்தை விட்டுவிட வேண்டும். பழகும் முறை: ஒரு வாரம் மெட்டைப் பாடாமல் கார்டுகளின் மூல ஸ்வரத்தை மட்டும் தாளத்தோடு பாடுங்கள். பிறகு மெட்டை அச்சில் இருப்பதுபோல் நேராக. மூன்றாவதாகத்தான் தள்ளிப் பாடுவது.

குரல் நிறம். குரல்வளையைக் கீழே அழுத்தி 'கனம்' சேர்ப்பவர்கள் அதிகம். அது சுருதியைச் சற்றுக் கீழே இழுக்கும், எழுத்துகள் மொத்தமாக மங்கும், அரை மணியில் தொண்டை களைக்கும். ஹார்ட்மனிடம் உச்சரிப்பு எவ்வளவு முன்னால், பல்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று கவனியுங்கள். ம, ன, ல போன்ற எழுத்துகளில் சுருதியை நிறுத்துவார். எக்ஸ்டைன் ஸ்வரத்தைத் தொட்ட உடனே அகலமான அசைவு கொடுப்பார். ஹார்ட்மன் பல இடங்களில் நேராகப் பிடித்து, கார்வையின் கடைசியில்தான் அசைக்கிறார். கமகம் பழகியவர்களுக்கு நேராக நிற்பதுதான் கஷ்டமான பாடம்.

---

மந்திரபஞ்சமம்

கீழ்ஸ்தாயி ஐயா, நன்றி. மைக் பற்றிச் சொல்லவில்லையே? கிட்டே பாடினால் கும்மென்று வருகிறது, தள்ளி நின்றால் உயிரில்லை.

---

கீழ்ஸ்தாயி

விட்டுப்போயிற்று. மேடையில் பயன்படுத்தும் மைக் பெரும்பாலும் கார்டியாய்டு (முன்னால் வரும் ஒலியை அதிகம் பிடிக்கும்) வகை. வாயருகே கொண்டுபோனால் தாழ்ந்த அலைவரிசைகளை அதுவே ஏற்றிக் காட்டும். மெல்லிய குரலுக்கு உதவி, பாரிடோனுக்கு வினை. மேடையில் 5 முதல் 8 செ.மீ., பதிவறையில் 15 முதல் 20 செ.மீ. தூரம் வையுங்கள். மிக்சரில் லோ-கட் (தாழ்ந்த ஒலிகளை வெட்டும் வடிகட்டி) 80 ஹெர்ட்ஸில் போடுங்கள். 120-இல் போட்டுவிடும் ஒலிக்காரர்கள் உண்டு, அப்படிச் செய்தால் உங்கள் ஏ-2 (110 ஹெர்ட்ஸ்) மெலிந்துவிடும். கும்மென்ற ஓசை பெரும்பாலும் 200–300 ஹெர்ட்ஸில் இருக்கும், அங்கே 2, 3 டெசிபெல் குறைத்தால் போதும். தாழ்ந்த ஸ்வரத்துக்குக் கிட்டே, உயர்ந்ததற்கு ஒரு கை தூரம் என்று ஆட்டிக்கொண்டே இருக்காதீர்கள். தூரம் மாறும் ஒவ்வொரு முறையும் குரலின் நிறம் மாறும்.

---

ஒன்றரைக்கட்டை

டேக் பற்றிய திருத்தம் சரி, ஒப்புக்கொள்கிறேன்.

எந்தப் பாட்டில் தொடங்குவது என்றால், 'லஷ் லைஃப்' வேண்டாம். நாடாச்சுருள் சொன்ன காரணமே போதும். 'டெடிகேட்டட் டு யூ' நல்ல தொடக்கம். மேடையில் அமைப்பு இப்படி: பியானோ கடைசி நாலு பாரை முன்னிசையாக வாசிக்கும். நீங்கள் ஒரு முழுச் சுற்று. பிறகு சாக்ஸ் பாதிச் சுற்று மட்டும், 16 பார். நடுப்பகுதியிலிருந்து நீங்கள் திரும்ப நுழைந்து முடிப்பது. பாலட்டில் வாத்தியத்துக்கு முழுச் சுற்று கொடுத்தால் ஆறரை நிமிடத்தைத் தாண்டும், சபை நெளியும். நடுப்பகுதியில் நுழையப் போவதை முன்கூட்டிச் சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் பியானோ முதல் வரிக்குப் போய்விடும், நீங்கள் வேறு கார்டின்மேல் நிற்பீர்கள்.

---

வட்டத்தட்டு

தட்டு வாங்குபவர்களுக்கு ஒரு குறிப்பு. கோல்ட்ரேன் ஆல்பத்தின் மூலப் பதிப்புக்குப் பட்டியல் எண் மோனோ ஏ-40, ஸ்டீரியோ ஏ.எஸ்.-40. லேபிள் ஆரஞ்சும் கறுப்பும், உறை விரித்துத் திறக்கும் மாதிரி. கடைசிப் பள்ளத்துக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள வெற்று வளையத்தில் வான் கெல்டர் முத்திரை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கறுப்பு லேபிளில் சிவப்பு வளையம் இருந்தால் அறுபதுகளின் கடைசி அல்லது அதற்குப் பின். பச்சை வட்டம் எழுபதுகள். முத்திரை உள்ள பின்பதிப்பும் கேட்க நன்றாகவே இருக்கும், விலையும் குறைவு. மெதுவான பாட்டு என்பதால் ஒவ்வொரு கீறலும் அப்பட்டமாகக் கேட்கும். உறை நிலையைப் பார்த்து ஏமாறாமல், விற்பவரைப் பக்கத்தின் முதல் பாட்டையும் கடைசிப் பாட்டையும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தேய்ந்த ஊசி உள் பள்ளத்தைத்தான் முதலில் தின்னும்.